ஜமீலா நோன்பு திறந்த விதம்

இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல், வாயை மட்டும் திறந்தபடி நிற்கிறேன். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுகிறது. எதிரே கட்டிலில் என் மனைவி ஜமீலா. அவள் விரல்களுக்கிடையில் ஒரு பேரீச்சம்பழம். கண்கள் சுவர்க் கடிகாரத்தின் மேல்.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குதுங்க. வாய மூடுங்க, ஈ பூந்துக்கும்."

"இந்தக் குளிருக்குக் கொல்லிமலையில ஈ எங்க இருக்கு?"

"அப்ப மேகம் பூந்துக்கும்."

உண்மையிலேயே மேகம் ஜன்னல் கண்ணாடிவரை வந்து நின்றிருந்தது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்த சமயம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு ரமலான் மாதம்.

நேரம் ஆனதும் இருவரும் பிஸ்மில்லாஹ் சொல்வோம். அவள் பழத்தை என் வாயில் வைப்பாள். என் தாடைக்குக் கீழே தொங்கும் முகத்துணியை மூக்குவரை ஏற்றிவிடுவாள். நான் மென்றுகொண்டே திரும்பி, அவள் மார்பிலிருந்து தொங்கும் குழாயைத் திறந்து அவளுடைய அன்றைய உணவை இணைப்பேன். அவள் கை என் வாய்க்கு. என் கை அவள் குழாய்க்கு. அப்படித்தான் அந்த வீட்டில் இரண்டு பேர் நோன்பு திறந்தோம்.

இந்தத் தொடரில் மிளகைப் பற்றி எழுதினேன், சோளக்காட்டுச் சந்தையைப் பற்றி எழுதினேன், போன வாரம் அட்டைக்கடியைப் பற்றிக்கூட எழுதியாயிற்று. இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எதையும் வரிசையாகச் சொல்கிறவன் நான். இதை நடுவிலிருந்து தொடங்கிவிட்டேன். இனி வரிசை.

சோத்துப் பெட்டி

மலைக்காரர்களிடம் மிளகும் காபிக்கொட்டையும் வாங்கி அடிவாரத்துக்கு அனுப்புவது என் தொழில். கடை சோளக்காட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே. கடைக்குப் பின்னால் வீடு. சொந்த ஊர் அடிவாரத்தில் இருந்தாலும் கல்யாணமான மறு வருடமே ஜமீலாவை மேலே கூட்டி வந்துவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, மலையை விட்டு ஒரு நாள் இறங்குவதென்றாலும் அவளுக்குப் பிடிக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். வயிற்றுவலி என்றாள். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். வலி நிற்கவில்லை. எழுபது வளைவும் இறங்கி, பெரிய ஊர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது குடல் முறுக்கிக்கொண்டு கறுத்துவிட்டிருந்தது. சிறுகுடலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

உயிர் தப்பிவிட்டது. ஆனால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. போன வேகத்தில் வெளியே வந்துவிடும். நாக்கில் ருசிக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், இரண்டு மடக்குக் குடிக்கலாம். உயிர் வாழ்வதற்கான சோறு வேறு வழியாகப் போக வேண்டும்.

அந்த வழிதான் குழாய். மெல்லிய, வெள்ளையான குழாய். வலது மார்பின் மேற்புறம் தோலுக்குள் நுழைந்து, கொஞ்ச தூரம் தோலுக்கு அடியிலேயே ஓடி, கழுத்தோரத்துப் பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை போகும். வெளியே ஒரு சாண் நீளம் தொங்கும். அதில் ஒரு கிளிப், நுனியில் ஒரு மூடி. தினமும் ராத்திரி அந்த நுனியில், பால் நிறத்தில் இருக்கும் ஒரு பையை மாட்ட வேண்டும். சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்பு எல்லாம் அந்தப் பைக்குள். விடியும்போது பை காலியாகியிருக்கும்.

பைகளை ஆஸ்பத்திரியில் கலந்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்புவார்கள். அடிவாரத்தில் என் தம்பி வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவான். சோளக்காட்டில் பஸ் நிற்பதற்கு முன்பே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு குரல் கொடுப்பார்.

"பாய்! ஊட்டம்மாவுக்குச் சோறு வந்திருச்சு!"

சந்தையில் பலாப்பழம் அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "இன்னைக்கு என்ன கொழம்புங்க பாய்?" என்று ஒருவராவது கேட்காமல் இருக்கமாட்டார். பெட்டிக்குப் பெயரே சோத்துப் பெட்டி என்றாகிவிட்டது. எனக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. ஜமீலாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"பாயாசம்னு சொல்லுங்க. தெனமும் பாயாசம் திங்கறவ அந்தச் சந்தையில வேற யாரு இருக்கா?"

நான் தொடக்கத்தில் சொன்ன குழாய் மூன்றாவது. முதலாவது அடைத்துக்கொண்டது. இரண்டாவதில் கிருமி ஏறி, உயிர் ஊசலாடி, எடுத்துவிட்டார்கள். மூன்றாவதைப் போட்டபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இன்னொரு எடம் தேடறது ரொம்பக் கஷ்டம் பாய். இதைக் காப்பாத்திக்குங்க. இதுலயும் ஒரு தடவை கிருமி ஏறுச்சுன்னா மலையெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஊடு பாத்துக்கணும்."

தனியாகச் சொன்னாலும் ஜமீலா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

தலைக்குப் போன கை

முதன்முதலாக வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் குழாயைக் கையாள எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்டெல்லா என்கிற சிஸ்டர். குள்ளமான, கண்டிப்பான பெண்மணி. முதல் நாள் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "மிளகு வாசம் அடிக்குது. நகத்தை ஒட்ட வெட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் கை கழுவும் பாடம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அஞ்சு வேளைத் தொழுகைக்கு முன்பும் ஒளு செய்கிறவனுக்குக் கை கழுவவா சொல்லித் தரவேண்டும்? மணிக்கட்டுவரை, விரல் இடுக்குகள், பிறகு வலது முழங்கை, இடது முழங்கை. ஒன்றும் விடாமல் கழுவினேன். சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"எங்க பாய் போறீங்க?" என்றார் திடீரென்று.

"எங்கயும் போகலீங்க சிஸ்டர்."

"நீங்க போகல. உங்க கை போயிருச்சே!"

அப்போதுதான் கவனித்தேன். முழங்கை முடிந்ததும் என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய் தலையைத் தடவிவிட்டிருந்தன. ஒளுவில் முழங்கைக்கு அடுத்தது தலை. ஈரக்கையால் தலையைத் தடவ வேண்டும். அஞ்சு வயதிலிருந்து பழகிய வரிசை.

"மறுபடியும் மொதல்லயிருந்து."

மறுபடியும் கழுவினேன். மறுபடியும் கை தலைக்குப் போனது. மூன்றாம் முறை பாதி வழியில் தடுத்துக்கொண்டேன். ஆனால் காதில் பட்டுவிட்டது. ஜமீலா கட்டிலில் சாய்ந்து வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

"அது அவங்க அத்தா அடிச்சுச் சொல்லிக் குடுத்ததுங்க சிஸ்டர். உங்க அடிக்கெல்லாம் போகாது."

"அப்ப நீங்கதான் காவல்" என்று சிஸ்டர் அவளிடம் ஒப்படைத்துவிட்டார். "முழங்கை முடிஞ்சதும் கண்ணெடுக்காமப் பாருங்க. கை மேல போச்சுன்னா சத்தம் போடுங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் ஒரு சத்தம் கேட்கும். நான் முழங்கையைக் கழுவி முடிப்பேன். கட்டிலிலிருந்து, "தலை!" என்று ஒரு குரல். நான் கைகளை மார்புக்கு நேரே நிறுத்திக்கொள்வேன். கதவோரம் வந்து நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அடிவாரத்துக்கு இறங்கி, பள்ளிவாசல் ஹவுஸில், தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து ஒளு செய்வேன். அங்கே முழங்கை முடிந்ததும் கை தலைக்குப் போகாது. மார்புக்கு நேரே நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

பசி போகலை

பொன்னாயி எங்கள் பக்கத்து வீடு. மலையிலேயே எடப்புளி நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஜமீலாவைவிடச் சில வயது மூத்தவள். வீட்டுக்குள் வரும்போதே பேசிக்கொண்டு வருவாள்.

அந்த ரமலானுக்கு ஒரு மாதம் முன்பு, இந்த வருஷம் நோன்பு வைக்கப்போவதாக ஜமீலா சொன்னாள். பொன்னாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க ஊட்டம்மா, நீங்க வருசம் பூராவும் ஒண்ணும் திங்காமத்தான் இருக்கீங்க. அதுக்கு மேல என்னங்க விரதம்?"

"திங்காம இருக்கறதும் விரதமும் ஒண்ணா பொன்னாயி?"

"வேற என்ன?"

"வெரதம்னா, சாயங்காலம் தொறக்கணும். எனக்குத் தொறக்கறதே இல்லையே."

பொன்னாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பசிக்குமாங்க உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். அவ்வளவு நாளும் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை.

"கொடலுதான் போச்சு. பசி போகலை" என்றாள் ஜமீலா.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அஜரத்தைப் பார்க்க இருவரும் இறங்கினோம். வயதானவர், மென்மையாகப் பேசுவார். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார்.

"அது குடுத்தர்றோமுங்க அஜரத்" என்றாள் ஜமீலா. "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அந்தப் பையில இருக்கறது மருந்துங்களா, சோறுங்களா?"

அஜரத் யோசித்தார். பையில் என்னென்ன இருக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சோத்துக்குப் பதிலா ஏறி, அதாலதான் உசிரு நிக்குதுன்னா, அது சோறுதாம்மா. பகல்ல ஏத்துனா நோன்பு இருக்காது."

சலுகையைச் சொன்னபோது வாடியிருந்த முகம், இதைக் கேட்டதும் மலர்ந்துவிட்டது. மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாள்:

"கேட்டீங்களா? சோறுதானாம். கண்டக்டர் சரியாத்தான் சொல்லிட்டிருக்காரு."

எப்படியும் அவளுக்குப் பை ஏறுவது ராத்திரியில்தான். சூரியன் மறையும்போது மாட்டி, விடியலுக்கு முந்திய சஹர் நேரம் முடியும் முன்பு கழற்றிவிட்டால், ஊர் உலகம் சாப்பிடும் நேரத்தில் அவளும் சாப்பிடுகிறாள். ஊர் உலகம் பட்டினி கிடக்கும் நேரத்தில் அவளும் பட்டினி. டாக்டர் தயங்கினார். ராத்திரி உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். மயக்கம் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே விட்டுவிட வேண்டும் என்றார். கடைசியாக, எப்போதும் சொல்வதைச் சொன்னார்:

"பை ஏற ஆரம்பிச்சு நடுக்கம் வந்துச்சுன்னா அது குழாய்ல கிருமி இருக்கறதுக்கு அடையாளம். யோசிக்கவே கூடாது. கிளிப்பை மூடுங்க, கெளம்பி வாங்க."

தட்டும் கொட்டையும்

அந்த மாதத்தின் பகல்களில் ஜமீலா முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருந்தாள். மதியத்துக்கு மேல் நோன்புக் கஞ்சி காய்ச்சுவாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். எனக்கும், சந்தைக்கு வந்து தங்கும் இரண்டு வியாபாரிகளுக்கும், பொன்னாயி வீட்டுக்கும். நோன்பு என்பதால் நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. ஆவியை முகர்ந்தே, "உப்பு பத்தலை" என்பாள். சரியாக இருக்கும்.

சாயங்காலம் அவள் கட்டிலுக்கு வருவாள். நான் தட்டை அடுக்குவேன். இடமிருந்து வலமாக, எடுக்கப்போகும் வரிசையில்: துணி, கையுறை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, உப்புத் தண்ணீர் ஏற்றிய ஊசிக்குழல், பையின் டியூப். மலையில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்காது. பள்ளிவாசலில் அச்சடித்துக் கொடுத்த அட்டையும் கடிகாரமும்தான்.

எனக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. நேரம் ஆனதும் தாமதிக்காமல் நோன்பு திறக்க வேண்டும். அவளுக்கும் தாமதிக்கக் கூடாது. முதலில் நான் பழத்தை எடுத்தால் கை அழுக்கு, மறுபடி கழுவ வேண்டும், அவள் காத்திருப்பாள். முதலில் குழாயை மாட்டினால் நான் காத்திருப்பேன். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

"கையக் கழுவிட்டு வாயத் தொறங்க" என்றாள். அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது.

கொட்டையை என்ன செய்வது என்று கேட்டேன். முகத்துணி போட்டபின் துப்ப முடியாது. கொட்டையை எடுத்துவிட்டுக் கொடேன் என்றேன்.

"எடுக்க மாட்டேன். கொட்டை வாயில இருந்தா நீங்க பேச மாட்டீங்க. பேசாம இருந்தாத்தான் வேலை சுத்தமா நடக்கும்."

கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவேன். கையைத் துடைத்து, கையுறை மாட்டி, மூடியைப் பஞ்சால் அழுத்தித் தேய்ப்பேன். ஸ்பிரிட் தானாகக் காய வேண்டும், ஊதக் கூடாது. மெதுவாக உப்புத் தண்ணீரைச் செலுத்துவேன். டியூப்பைத் திருகி மாட்டுவேன். கிளிப்பைத் திறப்பேன். பையிலிருந்து சீராக இறக்கிவிடும் சின்ன பம்பை ஓடவிட்டதும் டியூப்பின் மேற்பகுதியில் வெள்ளையாக முதல் துளி விழும். அது விழும்போது ஜமீலா கண்ணை மூடிக்கொள்வாள், உதடு அசையும். அதற்குப் பிறகுதான் நான் முகத்துணியை இறக்கிக் கொட்டையைத் துப்புவேன்.

எந்தக் குளிர்

ரமலான் பாதி கழிந்தது. மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை. வாசலூர்பட்டிப் பக்கம் போன பஸ்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. என் நாட்குறிப்பில் அந்த நாட்களுக்கு எதிரே 'மழை' என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அன்றும் வழக்கம்போல நோன்பு திறந்தோம். நான் அந்தி நேரத்து மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பினேன். ஜமீலா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். கம்பளி அசைந்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

"என்ன ஜமீலா?"

"குளிருதுங்க."

"எப்ப இருந்து?"

"மலையே குளிருது. என்னையக் கேக்கறீங்க."

பம்பை நிறுத்தினேன். கிளிப்பை மூடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. இது மழைக் குளிருங்க. இப்பத்தான் தொறந்தேன்."

கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த பொன்னாயி வாசலில் நின்றாள். தலையில் கோணி, உடம்பெல்லாம் நடுக்கம்.

"எனக்கும்தான் நடுங்குது பாய். என்னையுமா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

காய்ச்சல் பார்க்கும் கோலை நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் நடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். கார்த்திகை மாதத்துக் கொல்லிமலையைப் பற்றிச் சொல்லவில்லை. கிருமி என்றால் ஒரு மணி நேரத் தாமதம்கூட ஆபத்து.

"எறங்கலாம்" என்றேன்.

"எறங்குனா அங்கயே வெச்சுக்குவாங்க. அப்பறம் என்னைய மேல விட மாட்டாங்க." அவள் அழவில்லை. சுவரையும் கூரையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "சால்வைய எடுங்க."

பழ வியாபாரி ஒருவரின் ஜீப் கிடைத்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, மேகத்துக்குள் இறங்கினோம். நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று என் கை தலைக்குப் போனதா? மூடியைத் தேய்த்தது நினைவிருக்கிறது. காயவிட்டது நினைவிருக்கிறது. முழங்கைக்குப் பிறகு என்ன நடந்தது என்பது மட்டும் நினைவில்லை.

"ஜமீலா, இன்னைக்கு நான் தலையத் தொட்டனா?"

"தொடலைங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நான்தான் பாத்துட்டே இருந்தனே."

நாலைந்து வளைவுகள் போயின. அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இல்லீங்க" என்றாள். "நோன்பு வெச்ச நாள்ல இருந்து நான் மணியத்தான் பாத்துட்டிருக்கேன்."



ஆஸ்பத்திரியில் பாங்கு

குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு தெரியும்வரை குழாயைத் தொடக்கூடாது என்று அதன்மேல் ஒரு பட்டையை ஒட்டிவிட்டார்கள். கை நரம்பில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். இரவும் பகலும் தண்ணீர் ஏறியதால் அவளுக்கு நோன்பு இல்லை.

சாயங்காலம் அந்த ஊரின் நாலு பக்கத்திலிருந்தும் பாங்கு கேட்டது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. ஜமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"மலையில ஒரு பாங்கும் காதுல விழாம நோன்பு வெச்சேன். இங்க இத்தனை பாங்கு கேக்குது. நோன்பு இல்ல."

நான் கேன்டீனில் வாங்கி வந்த பழத்தை என் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சமையலறை இருட்டாக இருந்தது என்பதை மட்டும் எனக்குள் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா சிஸ்டர் கையில் தாளோடு வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது அவரிடம்.

"கிருமி இல்ல. ரெண்டு ரத்தத்துலயும் இல்ல" என்றார். ஜமீலா கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அப்ப எதுக்கு நடுங்குச்சு? பையை எப்ப ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளிய எடுத்தீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதாங்க. மாட்டறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. ஒரு நாளும் தவறுனதில்ல."

"எங்க வெச்சீங்க?"

"ஜன்னலோரம், மேசை மேல."

"உங்க ஊட்டுக்குள்ள குளிர் எப்படி இருந்துச்சு?"

"பேசுனா வாயில பொகை வருமுங்க."

சிஸ்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ரெண்டு மணி நேரக் கணக்கு இந்த வெயில் ஊருக்கு. மற்ற மாதங்களில், அடுப்பு எரிந்து வீடு சூடான பிறகு இரவில் மாட்டினோம், தெரியவில்லை. நோன்பில் அந்தியிலேயே மாட்டினோம், மழையும் சேர்ந்துகொண்டது. அந்த ஜன்னலோரத்தில் ஃப்ரிட்ஜுக்கு உள்ளேயும் ஒன்றுதான், வெளியேயும் ஒன்றுதான். ஐஸ் போன்ற பாலை நேராக அவள் இதயத்துக்கு அனுப்பியிருந்தேன், சொன்ன நேரத்தில், சொன்ன வரிசையில்.

"அப்ப மலைக்குப் போலாமுங்களா?" என்று ஜமீலா டாக்டரிடம் கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "போங்க. போறப்ப பைக்கும் ஒரு கம்பளி வாங்கிட்டுப் போங்க."

கைக்குழந்தை

வெந்நீரில் வைக்கக் கூடாது, அடுப்பருகே வைக்கக் கூடாது என்று சிஸ்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். வழியை ஜமீலாதான் கண்டுபிடித்தாள். கஞ்சி வேலை முடிந்ததும் கை கால் கழுவி, பையைத் துணியில் சுற்றி, கம்பளிக்குள் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நோன்பு திறக்கும் நேரம்வரை அசையமாட்டாள். மெல்லத் தட்டிக்கொடுத்தபடி இருப்பாள். அது அவளுக்கே தெரியாது.

பொன்னாயி எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஊட்டம்மா, கைக்கொழந்தையா?"

"ஆமா பொன்னாயி. இது பால் குடிக்காது. பால் குடுக்கும்."

பொன்னாயி சிரித்தாள். பிறகு உள்ளே வந்து, கம்பளியின் ஓரத்தைச் சரியாக இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் மிச்சமிருந்த நோன்புகளை எல்லாம் அவள் வைத்தாள். பெருநாள் காலையில் புதுச் சேலைக்கு மேல் குழாய் தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தைவரை நடந்து வந்தாள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவைத்துக்கொண்டே, "ஊட்டம்மா, இன்னைக்கு ரெண்டு பெட்டி வரணுமே!" என்றார்.

அதற்குப் பிறகும் சில ரமலான்கள் எங்களுக்குக் கிடைத்தன. பை மடியில் இருக்கும். கடிகாரத்தை நான் பார்க்க வேண்டும், என் கையை அவள் பார்க்க வேண்டும் என்று வேலையை மாற்றிக்கொண்டோம். "தலை!" என்ற குரல் ஒரு நாளும் தவறவில்லை.

கடைசியில் அவளைக் கொண்டுபோனது குழாய் இல்லை. வருஷக்கணக்கில் அப்படியே உணவு ஏறியதில் கல்லீரல் களைத்துவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்தபோது, என் தம்பி மனைவி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "குழாய் இருந்த எடத்துல ஒரு செவப்புகூட இல்லீங்க மாமா." அதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஆள் உள்ளே படுத்திருந்தாள்.

கஞ்சி ஆறுகிறது

இப்போது அடிவாரத்தில் தம்பி வீட்டோடு இருக்கிறேன். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குப் போய் வரிசையில் உட்காருகிறேன். முன்னால் கஞ்சிக் கிண்ணம், தட்டில் பேரீச்சம்பழம். பாங்கு மிகவும் பக்கத்தில் கேட்கிறது.

எல்லோரும் பழத்தை மென்று, கொட்டையைத் தட்டோரம் போட்டுவிட்டு, கஞ்சிக்குப் போய்விடுகிறார்கள். நான் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறேன். மூடியைத் தேய்க்க ஆகும் நேரம். அது தானாகக் காய ஆகும் நேரம். உப்புத் தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும். டியூப்பைத் திருக வேண்டும். கிளிப்பைத் திறக்க வேண்டும். முதல் துளி இன்னும் விழவில்லை.

"கஞ்சி ஆறிப்போகுதுங்க பாய்" என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

கையை மட்டும் அசைக்கிறேன். கொட்டை வாயில் இருக்கும்போது பேசக் கூடாது.